வெளிநாட்டு ரேடியோ அலாரம் கடிகாரத்தை நம் ஊரில் ஒழுங்காக ஓட வைப்பது எப்படி?

விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் சாக்லேட், டார்ச் லைட்டோடு ஒரு அலாரம் கடிகாரத்தையும் கொண்டுவருகிறார்கள். “தானா டைம் எடுத்துக்கும்மா, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். ஒரு வாரத்துக்குள் அந்தக் கடிகாரம் காவேரிப்பட்டணத்தில் என் ரிப்பேர் மேசைக்கு வந்துவிடும். பத்தில் ஒன்பது கடிகாரத்தில் பழுது எதுவும் இருக்காது. செட் செய்த வரிசைதான் தப்பு.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்தால் அரை மணி நேரத்தில் வேலை முடியும். மாற்றினால் எங்கே சறுக்கும் என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. சிக்னலுக்காகக் காத்திருக்காதீர்கள்

இந்தக் கடிகாரத்துக்குள் ஒரு சின்ன ரேடியோ ரிசீவர் இருக்கிறது. ஃபெரைட் கம்பியில் செம்புக் கம்பி சுற்றிய ஆன்டெனா, பழைய மர்ஃபி ரேடியோவில் பார்த்திருப்பீர்களே, அதேதான். அது நெட்டலையில் (லாங் வேவ்) வரும் நேரச் சிக்னலைப் பிடித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

அந்தச் சிக்னல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். ஜெர்மனிக் கடிகாரம் ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்தில் மைன்ஃபிளிங்கன் என்ற ஊரிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் வருவதைக் கேட்கும். அதன் எல்லை சுமார் 2,000 கிலோமீட்டர். நாம் இருப்பது 7,000 கிலோமீட்டருக்கு அப்பால். இங்கிலாந்துக் கடிகாரத்துக்கு ஆன்தார்னிலிருந்து 60 கிலோஹெர்ட்ஸ். அமெரிக்கக் கடிகாரத்துக்கும் அதே 60 கிலோஹெர்ட்ஸ், ஆனால் கொலராடோ மாநிலத்திலிருந்து. ஜப்பானில் 40, 60 என்று இரண்டு நிலையங்கள். சீனாவில் 68.5. இந்தியாவில் இந்த வகை நெட்டலை நேர நிலையமே கிடையாது. நம் நேரத்தைப் பராமரிப்பது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் நேரம் இந்தக் கடிகாரத்தின் காதில் விழாது.

“ஜன்னலோரம் வைத்தால் கிடைக்கும்” என்று கையேட்டில் போட்டிருப்பது ஜெர்மனியில் இருப்பவருக்கு. அதை நம்பி மூன்று ராத்திரி மொட்டை மாடியில் வைத்து, நாலாம் நாள் மழையில் நனைத்துக் கொண்டுவந்தவர் ஒருவர் உண்டு. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை உச்சியில் கொண்டுபோய் வைத்தாலும் வராது.

ஒருவேளை சிக்னல் கிடைத்தாலும் நமக்கு உதவாது. நம் நேரம் ஜெர்மனியைவிடக் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது. பெரும்பாலான கடிகாரங்களில் நேர மண்டலத்தை ஒவ்வொரு மணியாகத்தான் மாற்ற முடியும். அந்த அரை மணி எங்குமே பொருந்தாது. அமெரிக்கக் கடிகாரம் பலவற்றில் அவர்களுடைய நாலு மண்டலங்கள் மட்டும்தான் இருக்கும்.

ஆக, நம் வீட்டில் இது ஒரு சாதாரண குவார்ட்ஸ் அலாரம் கடிகாரம். அப்படி நினைத்துக்கொண்டு ஆரம்பித்தால் பாதித் தலைவலி போய்விடும்.

2. முன்னதாக எடுத்து வைக்க வேண்டியவை

புதிய அல்கலைன் பேட்டரி, கேட்கும் அளவில், கேட்கும் எண்ணிக்கையில். சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். காதுக் குச்சி. தேதியும் நேரமும் ‘தானியங்கி’ என்று வைத்திருக்கும் செல்போன். இந்தக் கடைசி விஷயத்தைச் சரிபாருங்கள். சிலர் பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று போனிலேயே பத்து நிமிடம் கூட்டி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துக் கடிகாரத்தையும் வைத்துவிட்டு, பிறகு இரண்டையும் திட்டுவார்கள்.

கையேடு ஜெர்மன் மொழியில் இருந்தால் பயம் வேண்டாம். போன் கேமராவை அதன்மேல் காட்டி மொழிபெயர்த்தால் எந்தப் பட்டன் எதற்கு என்பது தெரிந்துவிடும். பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தால், கடிகாரத்தின் முதுகில் உள்ள மாடல் எண்ணை வைத்துத் தேடினால் பல சமயம் கையேடு கிடைக்கும்.

3. அடாப்டர் இருந்தால், சொருகும் முன் படியுங்கள்

கூரையில் நேரத்தை வெளிச்சமாகக் காட்டும் வகைக்கு அடாப்டரும் வரும். அதில் ‘இன்புட்’ என்ற வரியைப் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் என்றோ 230 வோல்ட் என்றோ இருந்தால் சரி. 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்க அடாப்டர். நம் 230 வோல்ட்டில் சொருகினால் புகைந்துவிடும். சில நொடிகள் போதும்.

அதற்குப் பதில் இங்கே அடாப்டர் வாங்கும்போது ‘அவுட்புட்’ வோல்ட் அதேதானா, ஆம்பியர் அதற்குக் குறையாமல் இருக்கிறதா, பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற மூன்றையும் பொருத்திப் பாருங்கள். பின் உள்ளே நுழைகிறது என்பதற்காக வாங்கக் கூடாது.

ஐரோப்பிய அடாப்டரில் வோல்ட் தொல்லை இல்லை, ஆனால் பின் ஒல்லி. நம் சாக்கெட்டில் ஆடிக்கொண்டே நிற்கும். ஆடும் இடத்தில் பொறி வரும், சாக்கெட் சூடாகி உருகும். தீக்குச்சி செருகி இறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைமாட்டில், மெத்தைக்குப் பக்கத்தில் செய்கிற வேலையா அது? பிடிப்பான நல்ல கன்வர்ட்டர் பிளக் வாங்கிப் போடுங்கள்.

இடையில் ஒன்று. ரேடியோ இல்லாத பழைய அமெரிக்கக் கரண்டு கடிகாரத்தைக் கன்வர்ட்டர் பெட்டி வைத்து ஓட்டுகிறவர்களும் வருகிறார்கள். அதில் சில, மின்சாரத்தின் ஹெர்ட்ஸை எண்ணித்தான் நேரம் காட்டும். அங்கே 60, இங்கே 50. மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். அதற்கு நான் செய்ய எதுவுமில்லை.

4. பேட்டரியை முதலில் போடுங்கள், அடாப்டர் அப்புறம்

அடாப்டர் உள்ள கடிகாரத்திலும் பேட்டரிதான் முதலில். கரண்டு போனால் நேரத்தைக் காப்பாற்றுவது அதுதான். அடாப்டரை மட்டும் சொருகி செட் செய்தால், அடுத்த மின்தடையில் மொத்தமும் அழிந்து பூஜ்யத்தில் வந்து நிற்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகல் முழுக்க நிறுத்தும் நாளில்தான் பலருக்கு இது தெரிய வருகிறது.

பழைய பேட்டரி உள்ளே இருந்தால் கழற்றிவிட்டு ஏதாவது ஒரு பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கி நினைவு அழியும். இதைச் செய்யாமல் சட்டென்று மாற்றினால் பாதி ஜெர்மன் செட்டிங் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அல்கலைன் பேட்டரி ஒழுகியிருக்கிறது. வெறும் விரலால் சுரண்டாதீர்கள், அது தோலை அரிக்கும் காரம். கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு, காதுக் குச்சியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடையுங்கள். அப்புறம் லேசாக ஈரக் குச்சி, அப்புறம் உலர்ந்த குச்சி. நன்றாகக் காய்ந்தபின்தான் புதுப் பேட்டரி.

பழசும் புதுசும் கலக்கக் கூடாது. கலந்தால் பழசு சீக்கிரம் இறங்கி, புதுசு அதையும் சேர்த்து இழுக்க, பழசு ஒழுகும். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்தான் தருவதால் சில கடிகாரங்களில் எழுத்து மங்கும், பேட்டரி தீர்ந்த அடையாளம் முதல் நாளே வந்துவிடும்.

5. பத்து நிமிடம் எதையும் தொடாதீர்கள்

பேட்டரி போட்டதும் ஒரு ‘பீப்’ வரும், திரையில் எல்லா எழுத்தும் ஒருமுறை மின்னும், பிறகு கோபுரம் போன்ற அடையாளம் துடிக்க ஆரம்பிக்கும். கடிகாரம் சிக்னல் தேடுகிறது. இந்த நேரத்தில் பல மாடல்களில் பட்டன்கள் வேலை செய்யாது.

புதிதாகக் கையாளுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். “பட்டன் அமுக்கினா ஒண்ணும் ஆகமாட்டேங்குதுண்ணா” என்று எல்லாப் பட்டனையும் மாற்றி மாற்றி அழுத்துவார்கள். தேடல் முடியும் முன்னரே பேட்டரியைக் கழற்றிப் போடுவார்கள். தேடல் மறுபடி முதலிலிருந்து. இப்படியே ஒரு மாலை போய்விடும்.

ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்றால், அந்தச் சிக்னல் விநாடிக்கு ஒரு துளி வீதம்தான் தகவல் தரும். முழுத் தேதியும் நேரமும் சேர ஒரு நிமிடம் வேண்டும். சரிபார்க்க இன்னும் சில நிமிடங்கள் கேட்கும். நம் ஊரில் ஒன்றும் கேட்காமல் அதுவாகவே அலுத்து நிறுத்தும். கோபுரம் மறைந்ததும் நம் முறை.

6. தேடலை அணையுங்கள்

நேரம் வைப்பதற்கு முன் இது. நேரம் வைத்தபின் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அணைக்காவிட்டால் கடிகாரம் ராத்திரிதோறும் மறுபடி தேடும். சில மாடல்கள் மணிக்கு ஒருமுறை. ஒவ்வொரு தேடலுக்கும் பேட்டரி கரையும். ஒரு வருஷம் வர வேண்டியது சில மாதங்களில் தீர்ந்துபோகிறதென்று வருகிறவர்களின் கடிகாரத்தில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இன்னொரு காரணமும் உண்டு. மலிவான எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் இந்த அலைவரிசைப் பக்கத்தில் இரைச்சல் போடும். தேடிக்கொண்டே இருக்கிற காதுக்கு இரைச்சல்தான் கிடைக்கும்.

அணைக்கும் வழி மாடலுக்கு மாடல் வேறு. பலவற்றில் அலை அடையாளம் போட்ட பட்டனையோ ‘மைனஸ்’ பட்டனையோ சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் கோபுரம் மறையும். சிலவற்றில் செட்டிங் வரிசையிலேயே ‘ஆன் / ஆஃப்’ என்று வரும். எதிலும் இல்லையென்றால் அதை அணைக்க முடியாத மாடல் என்று விட்டுவிடுங்கள். நீங்கள் வைக்கும் நேரம் அப்படியேதான் ஓடும், பேட்டரியை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும்.

7. நேரம் வைக்கும் வரிசை

செட் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒவ்வொன்றாக மின்னும். உங்கள் மாடல் எந்த வரிசையில் காட்டினாலும், முதல் சுற்றில் கீழே சொன்ன முதல் மூன்றை மட்டும் முடியுங்கள். தேதியும் நேரமும் இரண்டாம் சுற்றில்.

முதலில் நேர மண்டலம். ‘பூஜ்யம்’ என்று வையுங்கள். அமெரிக்கக் கடிகாரமானால் ஏதாவது ஒரு மண்டலத்தில் விட்டுவிடுங்கள், ஆனால் பிறகு தொடாதீர்கள். நேரம் வைத்தபின் மண்டலத்தை மாற்றினால் நேரமும் கூடவே நகரும். “நேத்து சரியா வெச்சேன், இன்னைக்கு ஒரு மணி கூடிடுச்சு” என்ற புகாரின் மூலம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்து கோடைநேர மாற்றம். அணைத்துவிடுங்கள். அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளுவார்கள். சில அமெரிக்கக் கடிகாரங்களுக்குச் சிக்னலே வேண்டாம். உள்ளேயுள்ள நாட்காட்டியைப் பார்த்து மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி கூட்டி, நவம்பர் முதல் ஞாயிறு குறைத்துக்கொள்ளும். இதை அணைக்க மறந்தால் மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை காலை வீடே ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து பால்காரருக்காகக் காத்திருக்கும்.

மூன்றாவது 12 மணியா 24 மணியா என்பது. என் யோசனை 24. பெரியவர்களுக்குப் பழக இரண்டு நாள் ஆகும், ஆனால் காலை மாலைக் குழப்பம் அதோடு ஒழிந்தது. 12தான் வேண்டும் என்றால் காலையா மாலையா என்று காட்டும் அந்தப் பொடி எழுத்து எங்கே வருகிறது என்று கண்ணாடி போட்டுப் பார்த்துவையுங்கள்.

இப்போது வருஷம், மாதம், தேதி. வருஷத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் கிழமையைக் கடிகாரமே கணக்கிடுகிறது. வருஷம் தப்பானால் கிழமை தப்பும். கிழமை தப்பினால் கிழமை பார்த்து அடிக்கும் அலாரமும் தப்பும். ஐரோப்பியக் கடிகாரம் தேதியை முன்னால் போடும், அமெரிக்கக் கடிகாரம் மாதத்தை. 5, 6 என்று இருந்தால் எது எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஜெர்மனிக் கடிகாரம் கிழமையை அவர்கள் பாஷையில் இரண்டு எழுத்தில் காட்டும். ‘மோ’ என்றால் திங்கள், ‘ஸோ’ என்றால் ஞாயிறு. மொழி மாற்றும் வசதி இருந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடலாம்.

கடைசியாக மணி, நிமிடம். போனைவிட ஒரு நிமிடம் கூட்டி வைத்துக்கொண்டு, போனில் நிமிடம் புரளும் நொடியில் கடைசி அழுத்தத்தைக் கொடுங்கள். பல மாடல்கள் அந்த நொடியில் விநாடியைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இருபது முப்பது விநாடி சும்மா இருந்தால் செட்டிங்கிலிருந்து தானாக வெளியே வந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நடுவில் டீ குடிக்கப் போகாதீர்கள்.

8. முள் கடிகாரமாக இருந்தால்

பேட்டரி போட்டதும் முட்கள் வேகமாகச் சுற்றி 12-இல் வந்து நிற்கும். சில மாடல்களில் 4 அல்லது 8. பழுது என்று நினைத்து விரலால் முள்ளைத் தள்ளுகிறவர்கள்தான் நிஜமாகவே பழுதாக்குகிறார்கள். உள்ளே பல் சக்கரம் எங்கே நிற்கிறது என்று கடிகாரம் எண்ணி வைத்திருக்கும். நீங்கள் தள்ளினால் அந்தக் கணக்கு உடையும், பல்லும் தேயும்.

முதுகில் ‘எம் செட்’ என்ற பொடிப் பட்டன் இருக்கும். சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் முள் தானாக ஓடும். சரியான நேரத்துக்கு அருகில் வந்ததும் விட்டுவிட்டு, ஒவ்வொரு தட்டலாகத் தட்டி நிமிடத்தைச் சரிசெய்யுங்கள். பக்கத்திலிருக்கும் ‘ரீசெட்’ மேல் கை பட்டால் மறுபடி 12-இலிருந்துதான்.

9. அலாரம்

ஓசூர் சிப்காட்டில் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிற ஒரு தம்பிக்கு, கிருஷ்ணகிரியில் கம்பெனி பஸ் நாலே முக்காலுக்கு. அண்ணன் ஸ்டுட்கார்ட்டிலிருந்து பேட்டரியோடு கொண்டுவந்த கடிகாரத்தில் அலாரத்தை மட்டும் நாலு மணிக்கு வைத்துவிட்டுப் படுத்தார். கடிகாரம் ஜெர்மனி நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அது டிசம்பர் மாதம். நம் நேரப்படி காலை எட்டரைக்கு அடித்தது. அன்றைய சம்பளம் போனது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அலாரத்தை மட்டும் பார்த்ததால், மேலே ஓடும் நேரத்தை அவர் கவனிக்கவே இல்லை. ஆகவே அலாரத்தைத் தொடும் முன் ஓடும் நேரத்தை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அலாரத்துக்கு இரண்டு வேலை உண்டு. நேரத்தை வைப்பது ஒன்று, அதை ‘ஆன்’ செய்வது இன்னொன்று. நேரம் வைத்ததும் தானாக ஆன் ஆகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். மணி (பெல்) படம் போட்ட அடையாளம் திரையில் தெரிந்தால்தான் அடிக்கும்.

இரண்டு அலாரம் உள்ள மாடல்களில் ஒன்று திங்கள் முதல் வெள்ளி வரை, மற்றொன்று சனி ஞாயிறு என்று பிரித்திருப்பார்கள். அது அவர்கள் ஊர் வாரம். நம் ஊரில் ஷிப்டுக்காரருக்கு வார விடுமுறை செவ்வாயில் வரும், பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி கொண்டுபோகிறவருக்கு ஞாயிறென்றும் கிடையாது. ‘எல்லா நாளும்’ என்று வைத்து, வேண்டாத ராத்திரி அணைத்துக்கொள்வதே நல்லது.

10. பகலில் ஒரு ஒத்திகை

இதைத் தாண்டிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். இப்போதைய நேரத்துக்கு மூன்று நிமிடம் தள்ளி அலாரம் வைத்து, பக்கத்து அறையில் போய் உட்காருங்கள். ஃபேனை முழு வேகத்தில் போடுங்கள். சத்தம் கேட்கிறதா? எத்தனை நிமிடம் அடித்துவிட்டு ஓய்கிறது? பல கடிகாரங்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும். கடிகாரத்தின் தலையில் தட்டினால் சற்று ஓய்ந்து மறுபடி அடிக்குமே, அந்த ஸ்னூஸ் எத்தனை நிமிடம்? இந்த மூன்றும் தெரிந்தபின் உண்மையான நேரத்தை வையுங்கள்.

முதல் வாரம் போனிலும் ஐந்து நிமிடம் தள்ளி ஒரு அலாரம் இருக்கட்டும். பரீட்சை, இன்டர்வியூ, பெங்களூரு விமானம் போன்ற நாட்களில் எந்த வாரமானாலும் இரண்டு அலாரம்.

11. வைக்கும் இடம்

சிக்னலுக்காக ஜன்னலோரம் வைக்கத் தேவையில்லை என்பதால் நம் வசதிதான். கை நீட்டினால் எட்டாத, ஆனால் படிக்கத் தெரிகிற தூரம். எட்டுகிற தூரத்தில் வைத்தால் தூக்கத்திலேயே அணைத்துவிடுவீர்கள்.

தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில் பரண்மேல் வைக்காதீர்கள். தருமபுரிச் சித்திரை வெயிலில் அங்கே திரை கறுத்துப்போகும். குளிர்ந்ததும் திரும்பிவிடும், ஆனால் பேட்டரி ஒழுகுவது அந்தச் சூட்டில்தான். கூரையில் வெளிச்சம் காட்டும் வகையில், வெளிச்சம் வரும் கண்ணை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம், குழந்தைகள் முகத்துக்குத் திருப்பவும் வேண்டாம்.

12. பட்டன் செல் இருந்தால்

சின்னப் பயணக் கடிகாரங்களிலும் சில ரிமோட்டுகளிலும் நாணயம் போன்ற லித்தியம் செல் இருக்கும். மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றினால் திரும்ப முடுக்காமல் விடாதீர்கள். ஒரு குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாகி எரிந்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் போதும்: வாந்தி எடுக்க வைக்காமல், 108-ஐக் கூப்பிட்டோ கிடைத்த வண்டியிலோ உடனே எக்ஸ்ரே உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தீர்ந்த செல்லிலும் இந்த ஆபத்து உண்டு. இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டி எட்டாத இடத்தில் வையுங்கள்.

13. மாதம் ஒரு முறை

சிக்னல் இல்லாத குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்குப் பதினைந்து, இருபது விநாடி முன்பின் ஆகும். மாதம் முதல் தேதி போனோடு ஒப்பிட்டு, ஒரு நிமிடம் தாண்டினால் மட்டும் திருத்துங்கள். மின்வாரியத்தின் பராமரிப்பு நாளுக்கு மறுநாளும் ஒரு பார்வை பாருங்கள்.

கைவேலை தெரிந்த பையன்கள், போன் ஸ்பீக்கரிலிருந்து பொய்ச் சிக்னல் எழுப்பும் ஆப்களைக் காட்டிக் கேட்கிறார்கள். கடிகாரத்தை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்தால் சில மாடல்கள் ஏமாறத்தான் செய்கின்றன. நம் அரை மணியையும் சேர்த்து அனுப்பும் ஆப்பாக இருக்க வேண்டும். விளையாட்டுக்குச் சரி, அம்மாவின் அலாரத்தை அதை நம்பி விடமாட்டேன்.

மகனோ மகளோ கடிகாரத்தைத் திரும்ப ஜெர்மனிக்கு எடுத்துப்போனால் ஆறாம் படியில் அணைத்த தேடலையும் ஏழாம் படியில் அணைத்த கோடைநேர மாற்றத்தையும் ஆன் செய்து, ராத்திரி ஜன்னலோரம் வைக்கச் சொல்லுங்கள். மண்டலம் பூஜ்யத்தில்தானே விட்டிருக்கிறோம், விடிவதற்குள் அது தன் ஊர் நேரத்தைப் பிடித்துக்கொள்ளும்.